இர்கூட்ஸ்க் நகரில் ஒரு நாள்: பின்தொடர்ந்து சென்ற பெண்கள்



மாஸ்கோவிலிருந்து பசிபிக் கரையிலுள்ள விளாடிவொஸ்தோக் வரை செல்லும் சைபீரிய இருப்புப்பாதையின் நீளம் 9,288 கிலோமீட்டர். ஒரே வண்டியில் அமர்ந்து முழுப் பாதையையும் கடப்பவர்கள் சிலரே. பெரும்பாலான பயணிகள் இடையில் ஏதேனும் ஒரு நகரில் இறங்கி, ஓரிரு நாள் தங்கி, பின்பு மற்றொரு வண்டியில் பயணத்தைத் தொடருகிறார்கள். அவ்வாறு இறங்குகிறவர்கள் அதிகமாகத் தெரிந்துகொள்ளும் நகரம், மாஸ்கோவிலிருந்து ஏறத்தாழ 5,185 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இர்கூட்ஸ்க். உலகின் மிக ஆழமான ஏரியாகிய பைக்கால் அதன் அருகில் இருப்பதே முதற்காரணம். ஏரியைக் காணச் செல்லுமுன் நகரத்துக்கென்று ஒரு பகலை ஒதுக்குவது வழக்கம்.

அந்த ஒரு பகலில் காணக்கூடிய இரண்டு மரவீடுகளும் ஒரு மடத்து முற்றமும் உண்டு. அவற்றின் வரலாற்றை இந்த வாரம் சிந்திப்போம். துன்பத்தில் இருப்பவரைப் பின்பற்றிச் செல்லுதல் என்றால் என்ன, அதற்குக் கொடுக்கவேண்டிய விலை என்ன என்ற கேள்வியை அந்த இடங்கள் நம்முன் வைக்கின்றன.

நகரமும் பாதையும்

1661-ஆம் ஆண்டு, இர்கூட் ஆறு அங்காரா ஆற்றோடு கலக்கும் இடத்திற்கு எதிரே, கோசாக்கியர் ஒரு மரக்கோட்டையை எழுப்பினார்கள். 1686-இல் அது நகரம் என்னும் தகுதியைப் பெற்றது. சீனத் தேயிலையும் பட்டும் மேற்கே செல்லும் வழியிலும், மென்மயிர்த் தோல்கள் திரளும் இடத்திலும் அது அமைந்திருந்தது. ஆகவே வணிகர் செழித்தார்கள், ஆலயங்கள் எழுந்தன. 1879-ஆம் ஆண்டின் பெருந்தீ மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட மரவீடுகளைச் சாம்பலாக்கியது. இன்று பயணிகள் வியந்து பார்க்கும், சன்னல்களைச் சுற்றிப் பூவேலை செய்யப்பட்ட மரவீடுகள் பலவும் அந்தத் தீக்குப்பின் கட்டப்பட்டவை.

ஆற்றின் இடக்கரையிலுள்ள நிலையத்தில் இறங்கி, பாலத்தைக் கடந்தே பழைய நகரத்துக்குள் செல்லவேண்டும். மாஸ்கோவிலிருந்து அங்கே வந்து சேர இன்றைய விரைவு வண்டிக்கு மூன்றரை நாள் போதும். இந்த இருப்புப்பாதை இர்கூட்ஸ்க்கை எட்டியது 1898-இல்தான். அதற்கு முந்திய இரண்டு நூற்றாண்டுகளில் இந்த நகரத்துக்கு வந்தவர்களில் ஒரு பெரும் பகுதியினர் தங்கள் விருப்பப்படி வந்தவர்களல்லர். தண்டனை பெற்றவர்கள் காலில் விலங்கோடு, நிலையம் நிலையமாக, மாதக்கணக்கில் நடத்திக் கொண்டுவரப்பட்டார்கள். அரசியல் குற்றவாளிகளைச் சில வேளைகளில் காவலரோடு குதிரை வண்டியில் ஏற்றி விரைந்து அனுப்பினார்கள். எப்படி வந்தாலும், பலர் திரும்பிப் போகவில்லை.

சதுக்கத்துக்கு வராத மனிதர்

1825-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி, பழைய நாட்காட்டியின்படி, பீட்டர்ஸ்பர்க் நகரின் செனட் சதுக்கத்தில் ஏறக்குறைய மூவாயிரம் போர்வீரர்கள் அணிவகுத்து நின்றார்கள். புதிய பேரரசர் முதலாம் நிக்கோலாய்க்கு விசுவாசப் பிரமாணம் செய்ய அவர்கள் மறுத்தார்கள். அவர்களை வழிநடத்திய அதிகாரிகள் உயர்குடியில் பிறந்தவர்கள். நெப்போலியனை எதிர்த்துப் போரிட்டு ஐரோப்பாவைக் கண்டவர்கள் பலர். பண்ணையடிமை முறை ஒழியவேண்டும், அரசனின் அதிகாரம் சட்டத்துக்கு உட்படவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். கிளர்ச்சி நடந்த மாதத்தின் பெயரால் வரலாறு அவர்களை டிசம்பரிஸ்டுகள் என்று அழைக்கிறது.

கிளர்ச்சியின் தலைவராக இளவரசர் செர்கேய் துருபெத்ஸ்கோய் தெரிந்தெடுக்கப்பட்டிருந்தார். அவர் சதுக்கத்துக்கு வரவேயில்லை. காரணத்தை வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். காத்திருந்து சோர்ந்த தோழர்கள் அவருக்குப் பதிலாக யெவ்கேனி ஒபலென்ஸ்கி என்னும் இளம் அதிகாரியைத் தலைவராக ஏற்படுத்தினார்கள். மாலையில் பீரங்கிகள் முழங்கின. பனியின்மேல் இரத்தம் சிந்தியது. கிளர்ச்சி ஒரே நாளில் ஒடுக்கப்பட்டது. அன்றிரவு துருபெத்ஸ்கோய், தம் மனைவியின் சகோதரியை மணந்திருந்த ஆஸ்திரியத் தூதரின் வீட்டில் கைதுசெய்யப்பட்டார்.

1826 ஜூலையில் ஐவர் தூக்கிலிடப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சைபீரியாவுக்குத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். துருபெத்ஸ்கோய்க்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை வாழ்நாள் கடுந்தண்டனையாக மாற்றப்பட்டது. ஒபலென்ஸ்கியும் அதே தண்டனையைப் பெற்றார். குறித்த வேளையில் வராத மனிதரும், அவருக்குப் பதிலாக நின்ற மனிதரும் ஒரே சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஆளுநரின் காகிதம்

துருபெத்ஸ்கோயின் மனைவி எக்காத்தெரீனா, லவால் என்னும் பிரெஞ்சுப் பிரபுவின் மகள். பீட்டர்ஸ்பர்க்கில் அவள் தந்தையின் மாளிகை விருந்துகளுக்குப் பெயர்பெற்றது. திருமணமாகி ஆறு ஆண்டுகளாகியும் பிள்ளையில்லை. தோழரைக் கைவிட்டவர் என்ற பழியையும் அரசத் துரோகி என்ற தீர்ப்பையும் ஒருசேரச் சுமந்த ஒரு கணவரை விட்டு அவள் விலகியிருந்தால் அவளைக் குறைகூறுவார் இல்லை. சட்டமும் மணவிலக்குக்கு இடங்கொடுத்தது. ஆயினும் கணவர் அனுப்பப்பட்ட மறுநாளே, 1826 ஜூலையில், அவள் பீட்டர்ஸ்பர்க்கை விட்டுப் புறப்பட்டாள். மனைவியருள் முதலாவதாகப் புறப்பட்டவள் அவளே.

செப்டம்பரில் அவள் இர்கூட்ஸ்க் வந்து சேர்ந்தாள். அங்கே ஆளுநர் செய்ட்லர் அவளை நிறுத்தினார். மனைவியரை எவ்வகையிலாவது திருப்பி அனுப்பவேண்டும் என்பது தலைநகரிலிருந்து அவருக்கு வந்த கட்டளை. மாதங்கள் கடந்தன. பயமுறுத்தியும் பரிந்துபேசியும் பயனில்லாதபோது, அவர் ஒரு காகிதத்தை அவள்முன் வைத்தார். அதன் நிபந்தனைகளை நாம் நிதானமாக வாசிப்பது நல்லது.

கணவனைப் பின்பற்றிச் செல்லும் மனைவி தன் உயர்குடிப் பட்டத்தையும் உரிமைகளையும் இழப்பாள்; இனி அவள் ஒரு தண்டனைக் கைதியின் மனைவி மட்டுமே. சைபீரியாவில் பிறக்கும் அவள் பிள்ளைகள் அரசின் பண்ணையாட்களாகப் பதியப்படுவார்கள். பணத்தையும் விலையுயர்ந்த பொருள்களையும் கொண்டுசெல்லக் கூடாது. கணவன் உயிரோடிருக்கும்வரை திரும்பிவர வழியில்லை.

எக்காத்தெரீனா கையெழுத்திட்டாள். கைதிகளின் கூட்டத்தோடு கால்நடையாகப் போகவேண்டியிருக்கும் என்று ஆளுநர் சொன்னபோது, அதற்கும் ஆயத்தம் என்றாள் என அக்காலத்தவர் எழுதிவைத்திருக்கிறார்கள். 1827 ஜனவரியில், குளிர்காலத்தின் நடுவில், உறைந்த பைக்கால் ஏரியைக் கடக்க அவளுக்கு அனுமதி கிடைத்தது.

அவளுக்குப் பின்னே வந்தவள் மரியா வொல்கோன்ஸ்காயா. 1812-ஆம் ஆண்டுப் போரின் வீரரான ஜெனரல் ராயெவ்ஸ்கியின் மகள். இருபது வயதைச் சற்றே தாண்டியவள். மாஸ்கோவில் அவளுக்கு அளிக்கப்பட்ட பிரியாவிடை மாலையில் கவிஞர் புஷ்கினும் இருந்தார். இர்கூட்ஸ்க்கில் அவளும் அதே காகிதத்தில் கையெழுத்திட்டாள். அவள் விட்டுவந்தது பட்டத்தை மட்டுமன்று. ஓராண்டு நிரம்பிய ஆண்குழந்தை நிக்கோலாய் கணவரின் குடும்பத்தாரிடம் விடப்பட்டான். குழந்தைகளை உடன் கொண்டுசெல்ல அனுமதி இல்லை. 1828 ஜனவரியில் அந்தக் குழந்தை இறந்தது. தாய் அவனை மறுபடியும் காணவில்லை.

அன்பானவர்களே, இந்த இடத்தை விரைவாகக் கடந்துபோக வேண்டாம். தியாகத்தைப் புகழும்போது அதன் விலையைக் குறைத்துச் சொல்லுவது நம் வழக்கம். கணவனா, குழந்தையா என்ற கேள்விக்கு மரியா கொடுத்த விடையை நியாயந்தீர்க்க நமக்கு அதிகாரமில்லை. பிள்ளைகளுக்காக ரஷ்யாவிலேயே தங்கிவிட்ட மனைவியரும் இருந்தார்கள். அவர்களையும் நாம் குற்றப்படுத்த முடியாது. கொடுங்கோன்மை மனிதரை இரண்டு அன்புகளுக்கு நடுவே நிறுத்தி, ஒன்றைக் கிழித்தெறியச் செய்கிறது. அந்தக் குற்றம் காகிதத்தை எழுதினவர்களைச் சேரும்.

கிருபை என்னும் பெயருடைய சுரங்கம்

பைக்காலுக்கு அப்பால், நெர்ச்சின்ஸ்க் பகுதியில், பிளகோதாத்ஸ்க் என்னும் சுரங்கத்தில் எட்டு டிசம்பரிஸ்டுகள் முதலில் அடைக்கப்பட்டார்கள். அந்தப் பெயரின் மூலச்சொல்லுக்கு ரஷ்ய மொழியில் கிருபை என்று பொருள். கிருபையின் பெயரைத் தாங்கிய அந்த இடத்தில் ஈயமும் வெள்ளியும் தோண்டப்பட்டன. கைதிகள் விலங்கோடு வேலைசெய்தார்கள்.

மரியா தன் கணவர் செர்கேய் வொல்கோன்ஸ்கியை அங்கே முதன்முறை சந்தித்ததைத் தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறாள். இருண்ட சிறிய அறை. அவர் எழுந்து வரும்போது விலங்குகள் ஒலித்தன. அவர் விலங்கிடப்பட்டிருப்பார் என்று அவள் எண்ணியிருக்கவில்லை. அவள் முழங்காற்படியிட்டு, முதலில் அந்த விலங்குகளை முத்தமிட்டாள். பின்புதான் கணவரைத் தழுவினாள்.

இரண்டு பெண்களும் ஒரு சிறு குடிலில் சேர்ந்து வாழ்ந்தார்கள். படுத்தால் தலை ஒரு சுவரையும் கால் கதவையும் தொடும். கணவரைக் காண அனுமதிக்கப்பட்டது வாரத்தில் இரண்டு முறை, ஒரு மணி நேரம், அதுவும் ஓர் அதிகாரியின் முன்னிலையில். கைதிகள் கடிதம் எழுதக் கூடாது என்பது கட்டளை. ஆகவே அந்தப் பெண்களே அவர்களுடைய எழுதுகோலாயினர். எட்டுக் குடும்பங்களுக்கு அவர்கள் தங்கள் பெயரால் கடிதம் எழுதினார்கள். மகன் உயிரோடிருக்கிறானா என்று அறியாதிருந்த தாய்மாருக்கு முதல் செய்தி அவர்கள் கையெழுத்தில் சென்றது. பிற்காலத்தில் சீத்தாவிலும் பெத்ரோவ்ஸ்கி சவோத் என்னும் ஆலையூரிலும் இந்த ஊழியம் தொடர்ந்தது.

அக்காலத்துச் சிறு நிகழ்ச்சி ஒன்று என்னைத் தடுத்து நிறுத்துகிறது. சுரங்கத்தில் மேலிருந்து விழும் கற்துகள்களிலிருந்து கைதிகளின் தலையைக் காக்க ஏதும் இல்லை. எக்காத்தெரீனா தன் வெதுவெதுப்பான புதிய காலணிகளை வெட்டி, அந்தத் துண்டுகளால் ஒரு தொப்பி தைத்து ஒருவருக்குக் கொடுத்தாள். கிழிந்த பழைய காலணிகளோடு கடுங்குளிரில் சிறைக்கு நடந்ததால் அவள் கால்கள் பனியால் புண்பட்டன. தொப்பியைப் பெற்றவர் யெவ்கேனி ஒபலென்ஸ்கி. தன் கணவர் வராத இடத்தில் நின்ற அதே மனிதர். இந்தச் செயலுக்கு அவள் எந்த விளக்கமும் கொடுத்ததாக நாம் வாசிப்பதில்லை. கணவரின் கடனை அவள் தீர்க்க நினைத்தாளா, அல்லது குளிரில் நடுங்கும் ஒரு தலையை மட்டுமே கண்டாளா? எதுவாயினும், குற்றச்சாட்டும் கசப்பும் பெருகியிருக்கக்கூடிய அந்தச் சிறைக்குள் ஒப்புரவு ஒரு தொப்பியின் வடிவில் நுழைந்தது.

1828-இல் விலங்குகள் கழற்றப்பட்டன. அந்த இரும்பைக் கைதிகளில் கைத்திறன் உள்ளவர்கள் மோதிரங்களாகவும் சிறு சிலுவைகளாகவும் செய்தார்கள்.

பின்பற்றிச் சென்ற பெண்கள் மொத்தம் பதினொருவர். மனைவியரும் மணமுடிக்கக் காத்திருந்தவர்களும் அவர்களில் அடங்குவர். அலெக்சாந்திரா முராவியோவா 1832-இல் பெத்ரோவ்ஸ்கி சவோதில் மரித்தாள். பிள்ளையற்றவளாய் வந்த எக்காத்தெரீனாவோ 1830-இல் சீத்தாவில் தன் முதல் மகளைப் பெற்றாள்.

கைகளில் வைக்கப்பட்ட புத்தகம்

ரஷ்ய வேதாகமச் சங்கம் பேரரசர் முதலாம் அலெக்சாந்தர் காலத்தில் தொடங்கப்பட்டு, 1820-களின் தொடக்கத்தில் புதிய ஏற்பாட்டைப் பொதுமக்களின் ரஷ்ய மொழியில் அச்சிட்டது. 1826-இல், இந்தப் பெண்கள் கிழக்கு நோக்கிப் புறப்பட்ட அதே ஆண்டில், முதலாம் நிக்கோலாய் அந்தச் சங்கத்தின் பணியை நிறுத்திவைத்தார். முழு வேதாகமமும் ரஷ்ய மொழியில் திருச்சபையின் அனுமதியோடு வெளிவர 1876 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆனாலும் அச்சிட்ட பிரதிகள் மறைந்துவிடவில்லை. 1850 ஜனவரியில், இர்கூட்ஸ்க்குக்கு வெகுதொலைவு மேற்கே தொபோல்ஸ்க் நகரில், புதிய தலைமுறையின் அரசியல் கைதிகள் சிலர் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். அங்கே குடியிருந்த டிசம்பரிஸ்டுகளின் மனைவியர் சிலர் சிறைக் காவலரை இணங்கவைத்து அவர்களைச் சந்தித்தார்கள். நத்தாலியா ஃபொன்வீசினா அவர்களில் ஒருவர். ஒவ்வொரு கைதிக்கும் ஒரு புதிய ஏற்பாடு கொடுக்கப்பட்டது. அட்டையின் உட்புறத்தில் பத்து ரூபிள் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அவற்றில் ஒன்றைப் பெற்றவர் இருபத்தெட்டு வயதான பியோதர் தஸ்தயேவ்ஸ்கி. ஓம்ஸ்க் சிறையில் நான்கு ஆண்டுகள் அவர் வைத்திருக்க அனுமதிக்கப்பட்ட புத்தகம் அதுவே. 1881-இல் மரிக்கும் நாளிலும் அதே பிரதியைத் திறந்து வாசிக்கும்படி மனைவியிடம் கேட்டார்.

இருபத்துமூன்று ஆண்டுகளுக்குமுன் தங்கள் கணவரைத் தேடி வந்த பெண்கள், இப்போது தங்களுக்கு உறவில்லாத இளைஞரைத் தேடிச் சென்றார்கள். சிறையின் பாதை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வேதத்தோடு பணத்தையும் வைத்ததைக் கவனியுங்கள். ஆத்துமாவுக்கும் அப்பத்துக்கும் அவர்கள் இரண்டு கணக்கு வைக்கவில்லை.

மரவீடுகளும் மடத்து முற்றமும்

கடுந்தண்டனைக் காலம் முடிந்தபின் வொல்கோன்ஸ்கி, துருபெத்ஸ்கோய் குடும்பத்தார் இர்கூட்ஸ்க்கை அடுத்த கிராமங்களில் குடியேற்றப்பட்டு, 1840-களின் நடுவில் நகரத்துக்குள் வந்தார்கள். பயணிகள் இன்று காணும் வொல்கோன்ஸ்கி இல்லம் ஊரிக் கிராமத்தில் கட்டப்பட்டுப் பின்பு நகரத்துக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. 1985 முதல் அது அருங்காட்சியகமாக இருக்கிறது. கூம்பு வடிவத்தில் உயர்ந்து நிற்கும் பழைய பியானோ ஒன்றை அங்கே காணலாம். துருபெத்ஸ்கோய் பெயரைத் தாங்கிய இல்லமும் அருகிலேயே உண்டு. வீடுகளில் இசையும் நூல்களும் நிறைந்தன. வொல்கோன்ஸ்கி நிலத்தை உழுது, சந்தையில் விவசாயிகளோடு அமர்ந்து பேசினார். டிசம்பரிஸ்டுகள் ஊர்ப்பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்தார்கள். அவர்களிடம் படித்த நிக்கோலாய் பெலொகோலொவி பின்னாளில் பெயர்பெற்ற மருத்துவரானார். அவர்களை நாடுகடத்திய அரசு சைபீரியாவை ஒரு குப்பைமேடாக எண்ணியது. அவர்களோ அதைத் தங்கள் ஊராக ஏற்று, அதன் நன்மையைத் தேடினார்கள். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபத்தை அறிந்தவர்களுக்கு இது அந்நியமான செய்தியல்ல.

நகரின் வடக்கே ஸ்னாமென்ஸ்கி மடம் உள்ளது. அதன் முற்றத்தில், இரும்பு வேலியால் சூழப்பட்ட ஒரு கல்லறையில் எக்காத்தெரீனா துருபெத்ஸ்காயாவும் சைபீரியாவில் அவள் இழந்த குழந்தைகளும் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார்கள். அவள் 1854 அக்டோபரில் மரித்தாள். இரண்டு ஆண்டுகளுக்குள், 1856-இல், இரண்டாம் அலெக்சாந்தரின் முடிசூட்டு விழாவில் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தியை இர்கூட்ஸ்க்குக்கு விரைந்து கொண்டுவந்தவர் மரியாவின் மகன் மிகயீல், சைபீரியாவில் பிறந்தவர். முதியவர் துருபெத்ஸ்கோய் அந்தக் கல்லறையை விட்டுவிட்டு மேற்கே திரும்பிச் சென்று, 1860-இல் மாஸ்கோவில் மரித்தார். முதலாவதாக வந்தவள் திரும்பிப்போகவில்லை.

நகரத்தின் வேறு அடையாளங்களும் நிலைக்கவில்லை. ஐயாயிரம் பேர் நிற்கக்கூடிய கசான் பேராலயம் 1894-இல் கட்டி முடிக்கப்பட்டது. 1932-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்த இடத்தில் இன்று அரசு அலுவலகக் கட்டடம் நிற்கிறது. ஆற்றங்கரையிலுள்ள பழைய எப்பிபெனி பேராலயம் சோவியத் காலத்தில் ரொட்டித் தொழிற்சாலையானது, பின்பு சீர்ப்படுத்தப்பட்டது. நாடுகடத்தப்பட்ட போலந்து நாட்டவரின் சபை 1880-களில் கட்டிய கத்தோலிக்க ஆலயம் இசையரங்காக மாறியது. மடத்து வாசலில் வெள்ளைப்படைத் தலைவர் கொல்சாக்கின் சிலை உண்டு. அவர் 1920 பிப்ரவரியில் இந்த நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆட்சிகள் வந்து போயின. எக்காத்தெரீனாவின் கல்லறையின்மேல் பூக்கள் வைக்கப்படுவது இன்றும் தொடருகிறது.

நாம் கற்பது

கவிஞர் நெக்ராசொவ் 1870-களில் இந்த இரண்டு பெண்களைக் குறித்துக் காவியம் பாடினார். உலகம் அவர்களை அறிந்தது. ஆனால் பட்டமோ புகழோ இல்லாத எண்ணற்ற ஏழைப் பெண்களும் கொலைக்குற்றவாளிகளான, திருடரான கணவரைப் பின்பற்றி அதே பாதையில் நடந்தார்கள். 1890-இல் இர்கூட்ஸ்க் வழியாகச் சகாலின் தீவுக்குச் சென்ற எழுத்தாளர் செகாவ், தாமாக முன்வந்து கணவரோடு வந்த அத்தகைய பெண்களின் துயரத்தைப் பதிவுசெய்தார். அவர்களுக்கு இரும்பு வேலியிட்ட கல்லறை இல்லை. தேவன் அவர்களுடைய பெயர்களை அறிவார்.

நகோமியை விட்டு விலகாத ரூத்தை நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஆயினும் நகோமி குற்றமற்றவள். குற்றப்பட்டவரோடு, தோற்றவரோடு, தன் தோழரையே ஏமாற்றினவர் என்று பேசப்படுகிறவரோடு நிற்பது இன்னும் கடினம். நம் சபைகளில் ஒருவர் நோயுற்றால் வீடு நிறைய ஆட்கள் கூடுகிறோம். ஒருவருடைய மகன் சிறைக்குப் போனால் அந்த வீட்டு வாசல் வெறுமையாகிறது. தாய் பின்வரிசையில் அமரத் தொடங்குகிறாள். சில மாதங்களில் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்துகிறாள். ஆண்டவர் சிறையிலிருப்பவரைக் காணச் சென்றதைத் தம்மைக் காண வந்ததாகவே எண்ணுவார் என்று நாம் அறிந்தும், நடைமுறையில் அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போகிறோம்.

எல்லாரும் ஆறாயிரம் கிலோமீட்டர் கடக்கவேண்டியதில்லை. பிளகோதாத்ஸ்க்கிலும் தொபோல்ஸ்க்கிலும் நடந்தவற்றை எண்ணிப் பாருங்கள்: எழுத முடியாதவர்களுக்காக ஒரு கடிதம்; வாரத்தில் ஒரு மணி நேரச் சந்திப்பு; ஒரு தொப்பி; பணம் வைத்த ஒரு புதிய ஏற்பாடு. இவற்றில் நம் கைக்கு எட்டாதது எது? இந்த வாரம், உங்கள் தெருவில் எவருடைய வாசலுக்கு ஒருவரும் போவதில்லையோ, அந்த வாசலுக்குச் செல்லுங்கள். அங்கே என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், பேசாமல் சற்றுநேரம் உட்கார்ந்திருங்கள்.

தேவ சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.